பிந்துவது ஒரு கலை அல்ல

"நல்ல கொமிக்ஸ் எண்டால் பிந்தத்தான் செய்யும் அண்ணை. கலையைப் போய் அவசரப்படுத்தேலுமோ?"

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு புத்தக வெளியீட்டில், கையில் தேத்தண்ணியோடு நின்ற ஒரு தம்பி எனக்குச் சொன்ன புத்திமதி இது. அந்த வெளியீட்டையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித்தான் தொடங்கினார்கள். அதுவும் கலைதான் போல.

நான் கேட்டது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கட பிள்ளைகள் சிலர் இணையத்தில் காசு சேர்த்து ஒரு படக்கதை போடுவதாக அறிவித்தார்கள். ரொறன்ரோவில் உள்ள மச்சானின் வங்கி அட்டையில் நானும் பங்கு கட்டினேன். மார்கழியில் புத்தகம் கையில் என்று எழுதியிருந்தார்கள். எந்த மார்கழி என்று எழுதவில்லை, அது என் விதி. புத்தகம்தான் வரவில்லையே தவிர கடிதத்துக்குக் குறைவில்லை. அட்டைப்படத்தை மாற்றுகிறார்களாம். நிறத்தில் அவர்களுக்குத் திருப்தி இல்லையாம். ஓவியர் மனதளவில் ஒரு பயணத்தில் இருக்கிறாராம். என் காசும் அவரோடு அதே பயணத்தில் இருக்கிறது.

இதைச் சொன்னதற்குத்தான் தம்பியின் புத்திமதி. அவர் மட்டும் என்றால் விட்டிருப்பேன். படித்தவர்கள், எழுதுகிறவர்கள், நாலு புத்தகம் போட்டவர்கள் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். பிந்தினால் தரம், கேட்டால் ரசனை கெட்டவன்.

நான் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு பிந்தியதை யாராவது கண்டதுண்டா?

ஆள் செத்து முப்பத்தோராம் நாள் புத்தகம் கையில் இருக்க வேண்டும். அதற்குள் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும், வம்சாவளி போட வேண்டும், வெண்பாவும் விருத்தமும் பாட ஒரு வாத்தியாரைப் பிடிக்க வேண்டும், தேவார திருவாசகம் சேர்க்க வேண்டும், ஜேர்மனியில் இருக்கிற மருமகனின் பெயர் விடுபடாமல் பார்க்க வேண்டும். மங்கிப்போன அடையாள அட்டைப் படத்தைத் துப்பரவாக்கி வர்ண அட்டை அடிக்க வேண்டும். எல்லாம் நடக்கிறது. முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுப் பந்தி முடிந்து எழும்புகிறவன் கையில் கல்வெட்டு இருக்கிறது. வன்னி அச்சகத்துப் பொடியன் எவனும் "எனக்கு இன்னும் மனம் பதியேல்லை, அந்தியேட்டியைத் தள்ளி வையுங்கோ" என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அது கலை இல்லை, இது கலை என்பார்கள். சரி, உண்மையில் என்னதான் பிந்துகிறது என்று பார்ப்போம்.

இப்படி இணையத்தில் காசு சேர்க்கிற கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது 2009 இல். அதன் திட்டங்களை ஆராய்ந்து ஈதன் மொலிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2014 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் முக்கால்வாசிக்கு மேல் சொன்ன திகதிக்குப் பொருளைக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் அதில் இருக்கிறது: கேட்டதைவிட எவ்வளவு கூடுதலாகக் காசு சேர்ந்ததோ, அவ்வளவுக்குத் தாமதமும் கூடியது. காசு கூடினால் கலை ஊறுமா? ஊறாது. வாக்குறுதிதான் ஊறும். இலக்கைத் தாண்டினால் ஸ்டிக்கர், இன்னும் தாண்டினால் போஸ்டர், அதற்கும் மேலே போனால் ரீசேட், எல்லாருக்கும் ஓவியர் கையால் ஒரு சின்னப் படம். கதை எப்போதோ வரைந்து முடிந்திருக்கும். ரீசேட்டின் அளவு கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வராமல் புத்தகம் பெட்டிக்குள் கிடக்கும். இதற்குப் பெயர் கலையின் பிரசவ வேதனையாம். கல்வெட்டோடு ஸ்டிக்கர் கொடுப்பதாக எவரும் சொல்வதில்லை, அதனால்தான் அது முப்பத்தோராம் நாள் வருகிறது.

கலைஞனைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற நினைப்பு எங்கே போய் முடியும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஓர் இணையக் கொமிக்ஸ் படைப்பாளி 2012 இல் தொகுப்பு நூல் போட 8,000 டொலர் கேட்டார். 51,000 டொலருக்கு மேல் சேர்ந்தது. புத்தகம் பலருக்குப் போய்ச் சேர்ந்தது, பலருக்குச் சேரவில்லை. சேராதவர்கள் கேட்டார்கள். 2014 மாசியில் அவர் 127 பிரதிகளைக் கொளுத்தி அதை வீடியோவாகப் போட்டார். இனி யாராவது புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் கேட்கிற ஒவ்வொரு முறைக்கும் இன்னொரு பிரதியை எரிப்பேன் என்றும் அறிவித்தார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை இன்றைக்கும் மறக்காத சனத்திடம் வந்து, இந்தக் கோபத்தையும் படைப்பாளியின் சுதந்திரம் என்று விளங்கப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடதாசித் தட்டுப்பாட்டை இழுக்கிறவர்களும் உண்டு. 2022 பங்குனியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திப்போயின, நானும் அறிவேன். ஆனால் தட்டுப்பாட்டை வடக்கில் இருக்கிறவனுக்கா சொல்லித் தருவது? தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் உதயன் பத்திரிகை பாடசாலைக் கொப்பித் தாளில் வந்தது. 2006 மே 2 இரவு அதே பத்திரிகைக் காரியாலயத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாளும் பேப்பர் வந்தது. மனநிலை சரியில்லை என்று அறிவித்தல் போட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது, போடவில்லை.

கொமிக்ஸ் உதாரணம்தான் வேண்டுமென்றால் சிவகாசிக்குப் போவோம். 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து கொமிக்ஸ், 1984 இல் வந்த லயன் கொமிக்ஸ் இரண்டும் எங்கள் தலைமுறையை வளர்த்தவை. 2000களில் அவை வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்ற நிலைக்குப் போயின. அந்தத் தாமதம் எந்த மாயாவியையும் உயர்த்தவில்லை. 2012 இல் திரும்பி வந்த பிறகு ஆண்டுச் சந்தா, முன்கூட்டிய அட்டவணை, மாதாமாதம் பார்சல் என்று ஒழுங்குக்கு வந்தார்கள். வாசகர்களும் திரும்பி வந்தார்கள். அட்டவணை போட்டதால் ரசனை செத்துவிட்டதாக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

இனி எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கிற அக்கா ஒரு மாதம் காசைக் கொடுக்காமல், "தொகையை இன்னும் அழகாக்கிக் கொண்டிருக்கிறன்" என்றால் விடுவீர்களா? நுண்கடன்காரன் வன்னிப் பெண்களின் வாசலில் கிழமைக்குக் கிழமை வந்து நின்ற காலத்தில் ஒரு தவணை பிந்த முடிந்ததா? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. ஏழை பிந்தினால் கடன்காரி, ஓவியர் பிந்தினால் மேதை. டொலர் 200 ரூபாயில் நின்றபோது கட்டிய காசுக்கு, 360 ஐத் தாண்டிய பிறகு "தபாற்செலவு கூடிவிட்டது, மிச்சத்தை அனுப்புங்கோ" என்று கேட்பதும் இந்த மேதைமையில் ஒரு பகுதிதான்.

பார்சல் கதையையும் சொல்லிவிடுகிறேன். வன்னி முகவரி எழுதினால் "கொழும்பில் ஒருவரின் முகவரி இல்லையா?" என்று கேட்கிறார்கள். புதுக்குடியிருப்பிலும் தபாற்கந்தோர் இருக்கிறது ஐயா, கடிதம் வருகிறது, வங்கி நோட்டீசும் வருகிறது. பழைய மாணவர் சங்க மலர்களும் இந்தச் சாதிதான். வெளிநாட்டில் காசு சேர்த்தது எல்லாருக்கும் ஞாபகம், மலர் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. வெளியீடு நடந்தாலும் முதற்பிரதி, சிறப்புப்பிரதி என்று மேடையிலேயே புத்தகம் முடிந்துவிடும். காசு கட்டியவன் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

என் கோபத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. இலங்கையில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திட்டம் தொடங்க வழியில்லை. முல்லைத்தீவில் நன்றாகப் படம் வரைகிற ஒரு பிள்ளை புத்தகம் போட விரும்பினால், வெளிநாட்டில் ஒருவரைப் பிடித்து, அவர் பெயரில் தொடங்கி, முன்பின் தெரியாதவர்களின் நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்துத்தான் போட வேண்டும். இன்றைக்குப் பிந்துகிற பெரிய மேதைகள் தின்று தீர்ப்பது அந்த முதலைத்தான். நாளைக்கு அந்தப் பிள்ளை கேட்கும்போது மச்சான் அட்டையை எடுக்கமாட்டான். "கலையை அவசரப்படுத்தாதே" என்று சொன்ன தம்பியும் அன்றைக்குக் காசு கொடுக்கப் போவதில்லை. புத்திமதியோடு நிறுத்திக்கொள்வார்.

'வன்னி' என்ற சித்திர நாவலைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் பதில் சொல்கிறேன். அதை எழுதிய பெஞ்சமின் டிக்ஸ், ஐ.நா. பணியாளராக இருந்து 2008 புரட்டாதியில் கிளிநொச்சியை விட்டுப் போனார். லின்ட்சே பொலொக்கின் ஓவியங்களோடு அந்தப் புத்தகம் 2019 இல் வந்தது. வரையப் பத்து வருடம் எடுங்கள், இருபது வருடம் எடுங்கள், யார் தடுத்தது? வரைவதற்கு எடுக்கிற காலம் உங்களுடையது. காசு வாங்கும்போது எழுதித் தந்த திகதி என்னுடையது.

ஆகவே படம் போடுகிறவர்களே, முதலில் வரைந்து முடியுங்கள், அச்சகத்தில் விலை கேளுங்கள், வன்னிக்குத் தபாற்செலவு எவ்வளவு என்று பாருங்கள், அதற்குப் பிறகு காசு கேளுங்கள். ரீசேட் வேண்டாம். திகதி தவறினால் காரணத்தையும் கணக்கையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள், கேட்கிறவனுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள். இது முடியாது, கலை கெட்டுப்போகும் என்றால், எங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் கல்வெட்டு அடிக்கிற பொடியனிடம் ஒரு மாதம் வேலை பழகிவிட்டு வாருங்கள்.