கிழிஞ்ச ஆக்சில் பூட்: 4,200 ரூபாயில முடிய வேண்டிய வேலை 13,400 ஆன கதை

போன வாரம் எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோ போட்டிருந்தேன். அதுல ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டுட்டேன். மறந்து போகல, வெட்கமா இருந்துச்சு, அதான். இங்க எழுதிடறேன்.

என்கிட்ட ஒரு பழைய மிட்சுபிஷி செடியா இருக்கு. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன். டோமி மாக்கினென் 1996-லேர்ந்து 1999 வரைக்கும் தொடர்ந்து 4 தடவை உலக ராலி சாம்பியன் ஆனது லான்சர்லதான். அந்த லான்சர் குடும்பத்து வண்டி இது. இன்னொரு பெருமையும் உண்டு. ஆவடியைத் தாண்டிப் போனா வர்ற திருவள்ளூர்ல, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில தயாரானது. நம்ம ஊர் வண்டி! இன்னைக்கு அந்த இடத்துல சிட்ரன் கார் தயாராகுது. செடியா ஸ்பேர் வேணும்னா நாமதான் தேடி அலையணும்.

போன வருஷம் ஜூலையில ஆயில் மாத்த அம்பத்தூர்ல விட்டிருந்தேன். மெக்கானிக் அண்ணன் கூப்பிட்டு முன் சக்கரத்துக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுக் காட்டினார். "தம்பி, ரெண்டு பக்கமும் அவுட்டர் பூட் கிழிஞ்சிருக்கு. கிரீஸ் வெளிய வந்துட்டிருக்கு. இப்பவே மாத்திடுங்க."

பூட் கிட் 1,100 வீதம் ரெண்டு, லேபர் 1,500, கியர் ஆயில் 500. மொத்தம் 4,200 ரூபாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே." அந்த மாசம் கையில காசு டைட். ஆனா 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி.-யை மட்டும் நிறுத்தல. எஸ்.ஐ.பி.-யை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்கன்னு உங்களுக்குச் சொல்றவன் நான்தானே!

அந்த ரப்பர் என்ன வேலை செய்யுது?

இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்குக் கொண்டு போறது ஆக்சில். சக்கரம் திரும்பணும், பள்ளத்துல ஏறி இறங்கணும், அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் ஆக்சில் முனையில சி.வி. ஜாயின்ட். உள்ள எஃகு குண்டுகள், அதைச் சுத்தி கிரீஸ். அந்த கிரீஸ் வெளிய போகாம, தண்ணியும் மண்ணும் உள்ள போகாம பாத்துக்கிறதுதான் மடிப்பு மடிப்பா இருக்கிற பூட். ரப்பர்ங்கிறதால வயசானா வெடிக்கும். அது கிழிஞ்சதும் சக்கரம் சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய தெறிக்கும், மண்ணு உள்ள போகும். அப்புறம் ஜாயின்ட்டை உள்ளயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

இதுல பெரிய சிக்கல், கிழிஞ்ச அன்னைக்கு வண்டி நல்லாத்தான் ஓடும். சத்தம் வராது, மைலேஜ் குறையாது. அதனாலதான் தள்ளிப்போடத் தோணுது.

நமக்கு மழை அக்டோபர்ல ஆரம்பிச்சுடும். பூந்தமல்லி ரோட்டுத் தண்ணியிலயும் எம்.டி.எச். ரோட்டுப் பள்ளத்துலயும் தினம் ஆபீஸ் போய் வந்தேன். நவம்பர்ல ஒரு நாள் அம்மாவைக் கண் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். திருமுல்லைவாயல் பக்கம் யூ-டர்ன் எடுக்கும்போது இடது பக்கம் 'டக் டக் டக்'. அம்மா கேட்டாங்க, "என்னடா, ஏதோ உடையுற மாதிரி கேக்குது?" ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டேன். ஆனா பின்னாடி லாரி ஹார்ன் அடிக்கிறான், நடு ரோட்ல ஆக்சில் விட்டா வண்டி அங்கேயே நிக்கும்கிறது எனக்குத் தெரியும். கை வேர்த்துடுச்சு.

இடது ஜாயின்ட் போயே போச்சு. புதுப்பேட்டையில தேடிப் பிடிச்ச பழைய ஆக்சில் 7,500. வலது பக்கம் பூட் மட்டும் 1,100. லேபர் 2,500. ஆயில் சீல், கியர் ஆயில் 900. அலைஞ்சதுக்கும் ஆபீஸ் கேப்புக்கும் 1,400. மொத்தம் 13,400. இன்சூரன்ஸ்ல கேக்கலாமான்னு நினைக்காதீங்க. தேய்மானத்துக்கு ஓன் டேமேஜ் பாலிசியில பணம் வராது.

இப்ப கணக்குக்கு வருவோம்

4,200 ரூபாயை 4 மாசம் தள்ளிப்போட்டதால கூடுதலா போனது 9,200. அதாவது 4 மாசத்துல 200 சதவீதத்துக்கு மேல நஷ்டம். கிரெடிட் கார்டுல தேய்ச்சு, மாசம் 3.5 சதவீத வட்டி கட்டியிருந்தாக்கூட, வரி சேர்த்து ஆயிரத்தைத் தாண்டியிருக்காது. கார்டுல கடன் வைங்கன்னு சொல்லல. நாம பயப்படுற அந்த வட்டியைவிட, பில்லே வராத இந்தக் கடன் பல மடங்கு மோசம்னு சொல்றேன்.

"பழைய ஸ்போர்ட்ஸ் காரே வாங்காதே, பணம் முழுங்கும்"னு சொல்றவங்க உண்டு. நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். புது காருக்கு 8 லட்சம் கடன் வாங்கினா, 9 சதவீதத்துல 5 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 16,600. என் செடியாவுக்கு மாசம் 2,500 தனியா எடுத்து வச்சாலே வருஷம் 30,000 சேரும். ரப்பர், புஷ், பிரேக் எல்லாம் அதுல அடங்கும். 15 வருஷம் ஆன காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரல்லேர்ந்து கட்டணம் 5,000 ஆயிடுச்சு. அதையும் இந்தக் கணக்குலயே சேர்த்துக்கலாம்.

ஆனா அந்த 2,500-ஐ உங்களால எடுத்து வைக்க முடியலன்னா, அந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். 2 லட்சத்துக்குக் கிடைக்குதேன்னு வாங்கிடாதீங்க. வாங்குற விலை முதல் தவணை மாதிரிதான். எமர்ஜென்சி ஃபண்டுலயும் கை வைக்காதீங்க. பழைய வண்டியில ரப்பர் கிழியறது எமர்ஜென்சி இல்ல, தேதி மட்டும் தெரியாத செலவு. அதுக்குத் தனியா ஒரு ஆர்.டி. போதும்.

கையில வண்டி இருக்கிறவங்களுக்கு

- ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசாத் திருப்பி நிறுத்திட்டு, சக்கரத்துக்குப் பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. வெடிப்போ, ரிம் உள்பக்கம் கருப்பா கிரீஸ் தெறிச்சிருக்கான்னோ கவனிங்க.
- சத்தம் இல்லன்னா, ஜாயின்ட்டைக் கழுவி, புது கிரீஸ் வச்சு பூட் மாத்தினா பெரும்பாலும் போதும். கட் பண்ணும்போது டக் டக்னு வந்தா, ஜாயின்ட்டையே பாக்கணும்.
- ஆக்சிலைக் கழட்டாம, ஒட்டிப் போடுற ரெண்டு துண்டு பூட் மலிவுதான். அவசரத்துக்கு ஓகே, நம்பி ஓட்டாதீங்க.
- கிளாம்ப் புதுசா போடச் சொல்லுங்க. பழசை முறுக்கி மாட்ட விடாதீங்க.

இப்பவும் நான் எஸ்.ஐ.பி.-யை நிறுத்தல. ஆனா சம்பளம் வந்ததும் முதல்ல போறது அந்த 2,500. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அஞ்சு நிமிஷம் குனிஞ்சு உங்க வண்டியைப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.