பிரேக் திரவம் கிலோமீட்டரை எண்ணுவதில்லை

உங்கள் வீட்டில் கார் இருந்தால் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பிரேக் திரவத்தைக் கடைசியாக எப்போது மாற்றினோம்? என்ஜின் ஆயில் மாற்றிய தேதியைப் பலர் சரியாகச் சொல்வார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் தலையைச் சொறிவார்கள். சிலர், "நாம் எங்கே அதிகம் ஓட்டுகிறோம்? வார இறுதியில் மட்டும்தானே!" என்பார்கள். அந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன்.

ஏன் என்று பார்ப்போம். பாடத்தில் ஹைட்ராலிக் அழுத்தி படித்திருப்பீர்கள். பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன அதே தத்துவம்தான் பிரேக்கிலும் வேலை செய்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பாதம் 200 நியூட்டன் விசையுடன் மிதிக்கிறது, மிதியின் நெம்புகோல் அதை 800 நியூட்டனாக்குகிறது. 4 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் அந்த விசையைத் திரவத்தில் அழுத்தமாக மாற்றுகிறது. சக்கரத்தில் உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே 4,000 நியூட்டன் கிடைக்கும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் இது நடக்கிறது. நடுவில் ஆவிக் குமிழ்கள் புகுந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். குமிழ் சுருங்கும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

குமிழ் எங்கிருந்து வரும்? பேச்சுவழக்கில் 'பிரேக் ஆயில்' என்கிறோம். உண்மையில் அது எண்ணெயே அல்ல. (என்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் உப்பிக் கெட்டுவிடும்.) பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சும். ரப்பர் குழாய்களின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே கசியும். இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உறிஞ்சாத திரவமாக இருந்தால் நீர் தனித்துளியாக ஓரிடத்தில் தேங்கி 100 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும், உலோகத்தையும் அரிக்கும். நீரைத் தன்னுள் கலந்துகொள்வதால் ஆபத்து தள்ளிப்போகிறது. ஆனால் நீங்கிவிடுவதில்லை.

புட்டியில் அச்சிட்டிருக்கும் 'டாட்' என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக்குறியீடு. புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கவேண்டும். 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் எதிர்பார்க்கப்படும் அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகக் குறைகிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் அது நிற்கும் ஒவ்வொரு நாளும் இந்தக் காற்றில்தான் நிற்கிறது.

"நம் ஊரில் மலையே இல்லையே" என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் இருக்கும் புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தாண்டாது. உண்மைதான். ஆனால் பள்ளி விடுமுறையில் அதே கார் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏறி, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து கெந்திங் மலைக்குப் போகிறது. உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இழக்கும் நிலை ஆற்றல் 16 மெகாஜூல். 30 டிகிரியில் உள்ள 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். குறைந்த கியரில் இறங்கினால் என்ஜின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் பெரும்பங்கு பிரேக்கில்தான் வெப்பமாகும். வருடம் முழுக்க நகரத்தில் ஒழுங்காக வேலை செய்த பிரேக், முதன்முறையாக இங்கேதான் உண்மையான தேர்வு எழுதுகிறது, அதுவும் குடும்பம் முழுவதும் உள்ளே இருக்கும்போது.

"காரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறோமே?" நல்ல கேள்வி. சொந்தக் கார்களுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம். அங்கே சக்கரங்களை உருளைகளின்மேல் சுழலவிட்டு பிரேக் விசையை அளப்பார்கள். அவசியமான சோதனைதான். ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் அதில் மலையிறக்கத்தின் சூடு வராது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, என்ஜின் ஆறிய பிறகு, சமதரையில் திரவக் கலனின் மட்டத்தைப் பாருங்கள். கலன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்பதால் மூடியைத் திறக்கவே வேண்டாம். திறந்தால் ஈரக்காற்று புகும். சிந்தினால் காரின் பெயின்ட்டை அரித்துவிடும். மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டும். குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பிரேக் பட்டைகள் தேயத் தேய பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து கூடுதல் திரவத்தை எடுத்துக்கொள்ளும். அல்லது எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்பதைப் பட்டறையில்தான் கண்டறியவேண்டும். நிறத்தை வைத்து முடிவுகட்டுவதும் சரியல்ல. தெளிவாகத் தெரியும் திரவத்திலும் நீர் இருக்கலாம்.

மாற்றும் வேலையைப் பட்டறைக்கே விடுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் பழைய திரவத்தை வெளியேற்றி, ஒரு காற்றுக்குமிழ்கூட நுழையாமல் புதியதை நிரப்பவேண்டும். யூடியூப் பார்த்துப் பழக இது இடமல்ல.

தேவையில்லாத வேலைகளைத் தலையில் கட்டும் பட்டறைகளும் உண்டு என்று பெற்றோர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை, மாற்றாமலே விட்டுவிடுவது அல்ல. காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் என்று காலக்கெடு சொல்கிறார்கள். நடுவில் சந்தேகம் வந்தால் திரவத்தின் கொதிநிலையை அளந்து காட்டும்படி கேட்கலாம், அதற்கும் கருவி உண்டு. மின்சாரக் கார் வாங்கும் வீடுகளும் இதைக் கவனிக்கவேண்டும். அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பட்டைகள் குறைவாகத் தேயும். திரவம் மட்டும் எல்லாக் கார்களையும்போல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.