சுவர்க் கடிகாரம் மட்டும் யோக்கியமா?

வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று பார்க்கும் ஸ்பீட்ரன் பற்றிப் பேச்சு எழுந்தால், கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார்: "கேமுக்குள்ள ஓடுற டைம் எல்லாம் கணக்கே இல்லைங்க. ரியல் டைம்தான் டைம்." டூல் வைத்துச் செய்யும் டாஸ் ஓட்டம் என்றால் இது வேதவாக்கே ஆகிவிடும். கன்சோலைக் கம்ப்யூட்டரில் பாவித்துக் காட்டும் எமுலேட்டரில் ஆட்டத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, பிசகினால் பழைய நிலைக்குத் திரும்பி, எந்த ஃப்ரேமில் எந்தப் பொத்தான் என்று மாதக்கணக்கில் கோத்துச் சேர்ப்பதுதான் டாஸ். இதில் ஆட்டக் கடிகாரத்தைப் பார்க்கிறவன் சால்ஜாப்பு தேடுகிறவனாம். வெளிக் கடிகாரம் பொய்யே சொல்லாதாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

1991-இல் செகா வெளியிட்ட சோனிக் தி ஹெட்ஜ்ஹாகைப் பாருங்கள். கட்டத்தின் முடிவில் நிற்கும் பலகையைத் தாண்டியதும் ஆட்டக் கடிகாரம் நின்றுவிடும். அடுத்து போனஸ் கணக்கு திரையில் ஓடும். 30 நொடிக்குள் முடித்தவருக்கு 50,000 புள்ளி. 30-ஐத் தொட்டுவிட்டால், 45 வரைக்கும் 10,000 மட்டுமே. இந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு 100 வீதம் கரைந்து மொத்தத்தில் சேரும். நொடிக்குச் சுமார் 60 ஃப்ரேம் ஓடும் கன்சோல் அது. ஆகவே 50,000 கரைய 500 ஃப்ரேம், அதாவது எட்டு நொடிக்கு மேல் பிடிக்கும். 10,000-க்கு 100 ஃப்ரேம். இரண்டு நொடிகூட ஆகாது.

இப்போது ஒருவரால் 28 நொடியில் பலகையை எட்ட முடிகிறது என்று வையுங்கள். ரியல் டைம் விதிப்படி அவர் என்ன செய்ய வேண்டும்? பலகைக்கு ஓரடி முன்னால் பிரேக் போட்டு, கடிகாரம் 30-ஐத் தொடும்வரை சும்மா நிற்க வேண்டும். நின்றதில் நட்டம் இரண்டு நொடி. போனஸ் கணக்கில் லாபம் ஆறரை நொடிக்கு மேல். உலகத்திலேயே வேகமான முள்ளெலி என்று விற்கப்பட்ட பாத்திரத்தை, வேகத்தின் பெயரால் நிறுத்திவைக்கிறது இந்த விதி! பொதுவாக வெளி நேரத்தையே அளவுகோலாக வைத்திருக்கும் டாஸ்வீடியோஸ் தளம்கூட சோனிக்குக்கு விலக்கு அளித்தது. ஆட்டக் கடிகாரத்தை இலக்காகக் கொண்ட ஓட்டங்களை ஏற்றுக்கொண்டது. காரணம் இல்லாமல் அளிக்கவில்லை.

போகட்டும், இந்த ரியல் டைம் எப்படிப் பிறக்கிறது? டாஸ் ஓட்டத்துக்கு யாரும் ஸ்டாப்வாட்ச் பிடிப்பதில்லை. பொத்தான்கள் பதிவான கோப்பில் உள்ள ஃப்ரேம்களை எண்ணி, கன்சோலின் ஃப்ரேம் வேகத்தால் வகுக்கிறார்கள். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு 2011-இல் வெளியான புகழ்பெற்ற டாஸ் ஓட்டம் 17,868 ஃப்ரேம். அதை 60.0988-ஆல் வகுத்தால் 4 நிமிடம் 57.31 நொடி. பத்து ஆண்டு கழித்து, 2021-இல், வெறும் கையால் ஆடிய ஒருவர் 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்தார். மனிதன் டூலை ஜெயித்துவிட்டானா என்று கேட்டவர்கள் உண்டு. ஜெயிக்கவில்லை. டாஸ் கணக்கு கன்சோலை ஆன் செய்த கணத்தில் தொடங்குகிறது. தலைப்புத் திரையும் அதில் சேர்த்தி. கையால் ஆடுபவரின் கணக்கோ முதல் கட்டத்தில் திரையின் ஆட்டக் கடிகாரம் 400 என்று காட்டும்போது தொடங்கி, ஆட்டத்தை முடித்துவைக்கும் கடைசிக் கோடரியைத் தொடும்போது முடிகிறது. ஆக, கையால் ஆடுபவரின் 'ரியல் டைம்' தொடங்குவதே ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

முடிவிலும் கூத்துதான். டாஸ் கணக்கு கடைசிப் பொத்தானை அழுத்தியதோடு நின்றுவிடும். அதனால் சில ஓட்டங்களில் பொத்தானைச் சீக்கிரமே விட்டுவிட்டு, பாத்திரம் தானே மிதந்துபோய் ஆட்டத்தை முடிக்கும்படி ஏற்பாடு செய்வார்கள். முடிவுத் திரை தாமதமாக வந்தாலும் கவலையில்லை. ஏட்டில் நேரம் குறைந்துவிட்டதே! இதையெல்லாம் சாமர்த்தியம் என்று கைதட்டுகிறவர்கள், ஆட்டக் கடிகாரத்தில் அதே சாமர்த்தியத்தைக் கண்டால் மோசடி என்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

ஸ்பீட்ரன்னின் பழைய வரலாறும் இவர்கள் பக்கம் இல்லை. 1997-இல் குவேக் ஆட்டத்தை நைட்மேர் கடினத்தில் 19 நிமிடம் 49 நொடியில் முடித்துக் காட்டிய 'குவேக் டன் குவிக்', ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆட்டமே காட்டிய நேரத்தைக் கூட்டி வந்த கணக்கு. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க் திணறிய நேரத்தை ஆடுபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பது அன்றைக்கே புரிந்திருந்தது. எமுலேட்டர் மாறினால் ஆட்டம் திணறும் லேக் ஃப்ரேம்களும் லோடிங்கும் மாறும் டாஸ் உலகத்துக்கு இது இன்னும் நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பில் சரக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1994-இன் சூப்பர் மெட்ராய்டில் கதவு கடக்கும் நேரமும் பாஸ் போட்ட நேரமும் ஆட்டக் கணக்கில் ஏறாது. ஆட்டக் கடிகாரத்துக்காக ஓடுபவர் மெனுவைத் தாராளமாகத் திறந்து மூடலாம். பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரும். அங்கே இரண்டு இலக்குகளுக்கும் தனித்தனி ஓட்டம் வெளியானது, சரியான தீர்வு. மாரியோவிலோ திரை எண் கட்டத்துக்குக் கட்டம் புதிதாகத் தொடங்கிக் கீழே இறங்கும். ஒரு எண் குறைய 24 ஃப்ரேம். அதை வைத்து மொத்த ஓட்டத்தை அளக்க முடியாது, வெளி நேரமே போதும். எந்தக் கடிகாரம் ஆட்டத் திறனை அளக்கிறதோ அதை அந்த ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சோனிக்கிலும் ஓட்டை உண்டு. வழியில் நிற்கும் விளக்குக் கம்பத்தைத் தொட்டபின் செத்தால், ஆட்டம் அங்கிருந்தே தொடரும், கடிகாரமும் கம்பத்தைத் தொட்ட நேரத்துக்கே திரும்பிவிடும். செத்துச் செத்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கேலி செய்வார்கள். செத்தால் கணக்கு செல்லாது என்று ஒரு வரி எழுதினால் அந்த ஓட்டை அடைபடும். போனஸ் கரையும் ஃப்ரேம்களை ரியல் டைம்காரர்கள் எந்த வரியால் அடைப்பார்கள்? அவற்றைக் கழித்துவிடலாம் என்பார்கள். கழித்தபின், பலகையைத் தாண்டியதும் நிற்கும் ஒரு கடிகாரம் மிஞ்சும். அது ஏற்கெனவே திரையின் மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.