கூரைக்கு மேல் நடப்பது ஜின் அல்ல

பூவிருந்தவல்லிக்கும் ஆவடிக்கும் இடையே, பாரிவாக்கம் போன்ற ஊர்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் ஓர் அச்சம் உலவுகிறது. தஹஜ்ஜுதுக்கோ ஸஹருக்கோ எழும் வேளையில், தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே யாரோ நடப்பது போன்ற ஓசை. சில நேரம் சண்டையிடுவது போன்ற சீறல். உடனே ஜின் என்று முடிவு செய்து, ஓதிப் பார்க்க ஆள் அழைத்து, கேட்ட பணத்தையும் கொடுத்துவிடுகின்றனர்.

ஜின்கள் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. குர்ஆன் அதனை அறிவிக்கிறது. ஆனால் மொட்டைமாடியில் பழ விதைகள் நிறைந்த எச்சத்தை இட்டுச் செல்வது ஜின் அல்ல, மரநாய். இதைத் தெரிந்தே தாயத்து விற்பவரை என்ன சொல்வது!

பெயரில் நாய் இருந்தாலும் அது நாயினம் அன்று, பூனையும் அன்று. புனுகுப் பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு முதல் ஐந்து கிலோ வரை எடை, கரும்பழுப்பு உடல், ஏறத்தாழ உடலளவுக்கே நீண்ட வால். பகலில் மரப்பொந்திலோ பனை, தென்னையின் மட்டைகளுக்கிடையிலோ உறங்கி, இருட்டிய பின் தனியாக இரை தேடும். பழங்களே முதன்மை உணவு. எலி, பூச்சி, நத்தை ஆகியவற்றையும் உண்ணும். பனையில் கட்டிய கலயத்துக் கள்ளையும் குடிக்கும் என்பதால் ஆங்கிலேயர் அதற்குக் கள்ளுப் பூனை என்றே பெயரிட்டனர். விழுங்கிய விதைகளைச் சிதைக்காமல் வேறிடத்தில் எச்சமாக இடுவதால், அது மரம் நடும் பணியையும் செய்கிறது. அமெரிக்காவிலுள்ள நம் உறவினர்கள் தம் வீட்டுத் தோட்டத்துக்கு ஒப்போசம் வருவதாகச் சொல்வர். அது குட்டிகளை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும், முற்றிலும் வேறான இனம். எனினும் அங்கே இரவில் அது செய்வதைத்தான் இங்கே மரநாய் செய்கிறது.

தோப்புகளும் ஏரிக்கரை மரங்களும் மனைகளாக மாறும்போது பொந்துகள் மறைகின்றன. அப்போது அதற்கு எஞ்சுவது நம் கூரை இடுக்குதான். நாம் அதன் வீட்டுக்குள் வந்தோமா, அது நம் வீட்டுக்குள் வந்ததா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஜின் இல்லை என்று தெளிந்தவர்களோ அடுத்து நஞ்சைக் கையில் எடுக்கின்றனர். இதுவே என் பெரும் வருத்தம். தீங்கு செய்யும் ஐந்து உயிரினங்களைக் கொல்ல அனுமதித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் எலி உண்டு, மரநாய் இல்லை. அந்த எலியைத் தின்று நமக்கு உதவுவதே மரநாய்தான். எலிக்கு வைக்கும் நஞ்சுகூட, அந்த எலியைத் தின்னும் மரநாயையும் கொல்லக்கூடும். ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்றையே எரிக்கச் செய்த நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கின்றனர். உறக்கம் கெட்டதற்காக ஓர் உயிரைத் துடிக்கத் துடிக்கக் கொல்வதற்கு நாம் என்ன நியாயம் சொல்வோம்? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைக் கொல்வதையும் பிடிப்பதையும் தடை செய்கிறது.

இந்தோனேசியாவில் மரநாயின் எச்சத்திலிருந்து எடுக்கும் காப்பிக் கொட்டை ஹலாலா என்ற கேள்வி எழுந்தபோது, கழுவித் தூய்மை செய்தால் ஆகும் என்று அந்நாட்டு உலமா சபை 2010இல் அறிவித்தது. அந்தக் காப்பிக்காகச் சிறு கூண்டுகளில் அடைபட்டிருக்கும் மரநாய்களைப் பற்றியும் நாம் அதே அக்கறையோடு கேட்க வேண்டாமா?

கூரையில் அது தங்குவதை விரும்பாதவர் அதை வெளியேற்றலாம்; அதற்கு முறை உண்டு. முதலில் குட்டிகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஓர் ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். ஏறத்தாழ இரண்டு மாதம் அவை பாலுண்ணும். தாய் வெளியே போயிருக்கையில் ஓட்டையை அடைத்தால் குட்டிகள் பட்டினியால் சாகும். தாயோ கூரையைச் சுற்றிச் சுற்றி வரும். குஞ்சுகளை இழந்து சிறகடித்த பறவையைக் கண்டு, அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆகவே குட்டிகள் வளர்ந்து தாமே வெளியேறும் வரை பொறுக்க வேண்டும். பொறுக்க இயலாதபடி இடர் இருந்தால் வனத்துறையிடம் தெரிவிக்கலாம். நாமே பொறி வைத்துப் பிடித்துத் தொலைவில் விடக் கூடாது.

அதன் பிறகு, கூரையைத் தொடும் கிளைகளை வெட்டி, குப்பைக் கூடையை மூடி வைத்து, மாலையில் ஓட்டையின் வாயிலில் சிறிது மாவைத் தூவ வேண்டும். வெளிநோக்கிச் செல்லும் காலடித் தடம் தெரிந்தால் அது இரை தேடப் போய்விட்டது என்று பொருள். விடியும் முன் திரும்பிவிடும். எனவே கம்பிவலை அடிக்கும் வேலையை இஷாத் தொழுகை முடிந்த கையோடு செய்துவிடுவது நல்லது.