பெஞ்சில் உட்காருவது யார்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். சர்க்கார் பள்ளியா, எய்டட் பள்ளியா, சி.பி.எஸ்.இ.யா? தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு இந்த 'எய்டட்' சற்றுக் குழப்பம் தரும். கேரளத்தில் சர்க்கார் பள்ளிகளைவிட இவையே எண்ணிக்கையில் அதிகம். கட்டடமும் நிர்வாகமும் தனியாருடையவை. ஆசிரியரை நியமிப்பவர் மானேஜர். சம்பளம் கொடுப்பது சர்க்கார். 1957ல் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதாவும், அதையொட்டி எழுந்த போராட்டத்தில் 1959ல் அந்த மந்திரிசபையே கலைக்கப்பட்டதும் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும்.

அமெரிக்காவில் 1991ல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் இயற்றித் தொடங்கிவைத்த 'சார்ட்டர்' பள்ளிகளும் கிட்டத்தட்ட இதே வகைதான்: பொதுப் பணம், தனி நிர்வாகம். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் யார், அந்தந்தப் பகுதியின் பொதுப் பள்ளியில் படிப்பவர்கள் யார் என்று இனவாரியாக எண்ணிப் பார்த்து அங்கே ஓயாமல் வாதிடுகிறார்கள். இங்கும் சர்க்கார் கணக்கெடுக்கிறது. நாம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'எய்டட்தான் நல்லது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சபைகளும் சமுதாய அமைப்புகளும் நடத்தும் பள்ளிக்கு வரும் கூட்டம் வேறு. பழங்குடிப் பிள்ளைகள் பெருவாரியாகப் படிக்கும் சர்க்கார் பள்ளியின் கூட்டம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி?

நம் கதைக்கு வருகிறேன். 1956 நவம்பரில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட நாம் சிறுபான்மை ஆனோம். ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கொடுக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அதே ஆண்டு அரசியலமைப்பில் 350ஏ பிரிவும் சேர்ந்தது. சாலைக் கடைத்தெருப் பக்கம் சர்க்கார் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. அந்த பெஞ்சுகளில் அதிகாரிகளின் பிள்ளைகளையோ, நம் ஆண்டுவிழா மேடையில் தமிழின் பெருமையை முழங்குகிறவர்களின் பிள்ளைகளையோ தேடினால் கிடைப்பார்களா? என் மகளையும் நான் ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தேன். அவள் தமிழை வீட்டில் பாட்டியிடம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆகவே பிறரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

ஆனால் ஒரு சங்கதியை அறிந்திருக்க வேண்டும். இங்கே பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் ஆகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வரவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு நஷ்டமில்லை, வேறிடத்தில் படிக்கும். தலை குறைந்து டிவிஷன் போனால், வேறு வழியில்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளைதான் தமிழ் வகுப்பை இழக்கும்.

தமிழ் வழியில் எத்தனை பேர் என்ற கணக்கு வகுப்பைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் நம் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்தப் பள்ளியில், என்ன காரணத்தால்? சங்கம் இதை எடுக்கலாம். சாலை, கரமனை, மணக்காடு பகுதிகளில் அங்கத்தினர்கள் வீடு வீடாகப் போனால் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். மே மாதத்திலேயே போக வேண்டும். ஆறாவது நாள் கடந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.