பாட்டியின் 250 ரூபாயும் கோடீசுவரரின் கொடையும்

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை எல்லைக் கிராமங்களிலும் பெற்றோர் வேலைதேடி வெளியூர் சென்ற வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பாட்டிமார்களே. பேத்தியின் படிப்புக்காக அவர்கள் நாடுவது அஞ்சலகத்தின் செல்வமகள் சேமிப்புத் திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், உச்சவரம்பு 1.5 லட்சம்.

சட்டப்படி காப்பாளராக இல்லாத தாத்தா, பாட்டி தொடங்கிய கணக்குகளைப் பெற்றோர் அல்லது சட்டபூர்வக் காப்பாளரின் பொறுப்புக்கு மாற்ற வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடைமுறை. விதி இருப்பதில் தவறில்லை. ஆனால் இந்தக் கண்டிப்பு செல்வந்தர் வீட்டு வாசலில் ஏன் நின்றுவிடுகிறது?

இறப்புக்கு முன்பே சொத்தைப் பங்கிட்டு வாரிசு வரியிலிருந்து தப்பும் வழியை அடைக்கவே, 1958 நிதிநிலை அறிக்கையில் நேரு கொடை வரியை முன்மொழிந்தார். 1985இல் வாரிசு வரியும், 1998இல் கொடை வரியும் நீக்கப்பட்டன. இன்று தாத்தா பேரனுக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அக்கொடைக்கு வரி இல்லை. அப்பணம் ஈட்டும் வருமானம் மட்டுமே, பிள்ளைக்கு 18 வயதாகும் வரை, பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்கப்படுகிறது.

செல்வமகள் திட்டத்தின் சலுகையும் மேட்டை நோக்கியே பாய்கிறது. பழைய வரிமுறையில் 30 விழுக்காடு வரி செலுத்துவோர் முழு வரம்பையும் இத்திட்டத்தில் செலுத்தினால் 45,000 ரூபாய் வரி மிச்சம். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத தோட்டத் தொழிலாளிக்கு அந்த வகையில் ஒரு காசும் இல்லை.

திட்டம் தொடங்கியது 2015 சனவரியில். அடுத்த மாதமே செல்வ வரியை ஒழிக்கும் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் வீதிக்கு வந்தனர். போராட்டத்துக்குப் பின் நாள்கூலி 301 ரூபாயானது. மாதம் 25 நாள் உழைத்தாலும் ஆண்டுக்கு 90,300 ரூபாய். உண்ணாமல், உடுக்காமல் அனைத்தையும் செலுத்தினாலும் உச்சவரம்பை எட்ட இயலாது.

சேமிப்பைக் குறைகூறுவது நோக்கமன்று. அரசின் பங்களிப்பு வரிக்கழிவாக மேலே செல்வதை விடுத்து, ஏழைச் சிறுமியின் கணக்கில் நேரடித் தொகையாகச் சேர வேண்டும். பெருஞ்செல்வத்தின் மீது வாரிசு வரியும் கொடை வரியும் மீண்டும் விதிக்கப்பட வேண்டும். அந்த வருவாய் அரசுப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்ல வேண்டும். பேத்தியின் கல்வி பாட்டியின் சுருக்குப்பையை நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும். தோட்டங்களிலும் கிராமங்களிலும் இக்கோரிக்கைகளை மக்களிடம் கொண்டுசெல்வது தோழர்களின் உடனடிக் கடமை.