பிரியாணி எலும்பு போடுறது பாசமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ்ஸில் சிக்கன் பிரியாணி. சாப்பிட்டு முடிச்சுத் தட்டோட வெளியே வந்தா, கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல நாலஞ்சு நாய் வாலாட்டிட்டு நிக்கும். தட்டுல மிஞ்சின எலும்பையெல்லாம் வழிச்சுப் போட்டுட்டு, ஏதோ புண்ணியம் பண்ணின திருப்தியோட ரூமுக்குப் போய்ப் படுத்திடுவோம். நானும் ரெண்டு வருஷம் இதைத்தான் பண்ணினேன்.

போன செமஸ்டர்ல எங்க பிளாக் கருப்பன் ரெண்டு நாளா எதுவும் சாப்பிடல. மலம் கழிக்க முக்கி முக்கிப் பார்த்து முடியாம, படிக்கட்டுக்குக் கீழே சுருண்டு கிடந்தான். ஆட்டோ பிடிச்சுக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா, குடலோட கடைசிப் பகுதி முழுக்க எலும்புத் துண்டு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிப் போயிருந்தது. மயக்க மருந்து கொடுத்து, எனிமா வெச்சு வெளியே எடுத்தாங்க. பிழைச்சுக்கிட்டான். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "யாருப்பா எலும்பு போட்டது?" போன நாலு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கிட்டோம்.

"நாய்னா எலும்பு திங்கத்தானே செய்யும்? காலங்காலமா தின்னுட்டுத்தானே இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நம்ம மெட்டீரியல்ஸ் பாடத்திலேயே பதில் இருக்கு. எலும்பு ஒரு காம்போசிட். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாது அதுக்குக் கடினத்தன்மை தருது; கொலாஜன் என்ற புரத நார் வளைஞ்சு கொடுக்கிற தன்மையைத் தருது. வேக வைக்கும்போது கொலாஜன் சிதைஞ்சு ஜெலட்டினா கரையுது. ஆட்டுக்கால் சூப் ஆறினதும் ஜெல்லி மாதிரி கெட்டியாகுதே, அது இதனாலதான். நார் பலவீனமாகி, ஈரமும் குறைஞ்ச எலும்பு சுலபமா நொறுங்கும். அதிலும் கோழியோட கால் எலும்பு உள்ளே குழாய் மாதிரி இருக்கிறதால, கடிச்சதும் நீளவாக்கில் பிளந்து ஊசி ஊசியா உடையும். அந்தச் சில்லு தொண்டையில் குத்தலாம், குடலைக் கிழிக்கலாம், இல்லைன்னா கருப்பனுக்கு ஆன மாதிரி அடைச்சுக்கலாம்.

"இத்தனை நாளா போடுறோம், ஒண்ணும் ஆகலையே!" ஆனதை நாம பார்க்கிறதில்லை, அதுதான் விஷயம். குடல் கிழிஞ்ச நாய் மெஸ் வாசல்ல வந்து சாகாது. எங்கேயோ புதர் மறைவில் போய்ப் படுத்துக்கும். நாம "அந்தச் செவலையை ஒரு வாரமா காணோமேடா" என்று சொல்றதோட சரி.

சரி, வீட்டில் நாய் வளர்க்கிறவங்க கடையில் பாக்கெட்டில் வாங்கினா பிரச்சனை இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. நாய்களுக்குன்னே பதப்படுத்தி விற்கிற எலும்புகளைப் பத்தி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை விட்டது. அதுவரை வந்த 68 புகார்களில் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், அதில் 15 இறந்ததாகவும் சொன்னது. அதெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கினவை.

வெள்ளையா முடிச்சுப் போட்டு விற்கிறாங்களே, அது ராஹைட். மாட்டுத் தோலின் உள்பக்கம். சவைச்சுச் சவைச்சு ஊறினதும் பெரிய துண்டா முழுங்கிட்டா, சீக்கிரம் செரிக்காது, உப்பி அடைச்சுக்கும். இன்னொரு பக்கம், ரொம்பக் கெட்டியான மெல்லும் பொருள்கள். நாயோட பல் எனாமல் நம்ம எனாமலைவிட மெல்லிசு. மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, பெரிய தொடை எலும்பு மாதிரி எதையாவது முழு பலத்தோட கடிச்சா, மேல் தாடையில் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல் பிளந்துடும். மான் கொம்பை விற்கிறதே நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை போதும். கட்டை விரல் நகத்தால அழுத்திப் பாருங்க. கொஞ்சம்கூடப் பதியலைன்னா அது நாய்க்கு ரொம்பக் கெட்டி. அப்புறம் அளவு: ஒரே வாயில் முழுங்க முடியாத அளவுக்குப் பெரிசா இருக்கணும், கடிச்சுக் கடிச்சுச் சின்னதானதும் பிடுங்கிடணும். வளைஞ்சு கொடுக்கிற கெட்டி ரப்பர் பொம்மைக்குள்ள கொஞ்சம் சோறு அடைச்சுக் கொடுத்தா ஒரு மணி நேரம் ஓடும். கேரட்கூட நல்லதுதான், நாயோட அளவுக்குத் தகுந்த மாதிரி கொடுக்கணும். எதுவா இருந்தாலும் பக்கத்துல ஆள் இருக்கணும்.

வீட்டு நாய்க்கு மெல்லுறது ஒரு தேவை. பொழுதும் போகும், மனசும் அமைதியாகும். கேம்பஸ் நாய் கதை வேற. அதுக்கு மெல்ல ஒண்ணும் வேணாம், வயித்துக்குச் சோறு வேணும். பசிக்கு எலும்பைக் கொடுத்துட்டு, அதைப் பாசம்னு நாம சொல்லிக்கிறதுதான் எனக்கு உறுத்துது. உண்மையில் குப்பைத்தொட்டி வரைக்கும் நடக்கிற சோம்பலைத்தான் நாய் வாயில போடுறோம். பிரியாணிச் சோறும் சரியில்லை; வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மெஸ் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை: கை கழுவுற இடத்துல எலும்புக்குன்னு மூடி போட்ட தொட்டி ஒண்ணு வைங்க. மூடி இல்லைன்னா ராத்திரியோட ராத்திரியா தொட்டியைச் சாய்ச்சுடும். மசாலா சேராத வெறும் சோறு மிஞ்சினா தனியா எடுத்து வைங்க.

நமக்கு ஒரு எச்சரிக்கை: ஒரு நாய் எச்சில் ஒழுகிட்டு, காலால் வாயைப் பிறாண்டிட்டே இருந்தா எலும்பு மாட்டியிருக்கலாம். ஆனா ரேபிஸுக்கும் எச்சில் ஒழுகும். அதனால வாய்க்குள்ள கையை விடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. பல்லோ எச்சிலோ பட்டா சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு, அன்னைக்கே ஊசி போட்டுக்கோங்க.

கருப்பன் இப்பவும் ஞாயிற்றுக்கிழமை ஆனா அதே இடத்துல வந்து நிக்கிறான், அதே எலும்புக்காக. அவனுக்கு எக்ஸ்ரே ஞாபகமெல்லாம் இல்லை. பிரியாணியோட ஒரு அவிச்ச முட்டை தர்றாங்கல்ல, அதுல பாதியை அவனுக்குப் போடுங்க. எலும்பு தொட்டிக்குப் போகட்டும்.